சூட்டில் வளையும் ஈரடுக்குக் கூழ்கள்

பங்குனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற எல்லையோர ஊர்களில், நண்பகல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸை எட்டுவது வழக்கம். 40-ஐத் தாண்டிய கோடைகளும் உண்டு. தெற்கே ஆனைமலைத் தொடரில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள வால்பாறையில் அதே நாளின் வெப்பம் பெரும்பாலும் 30-ஐ ஒட்டியே நின்றுவிடும். ஒரே வார்ப்பிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு ஈரடுக்கு ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த பாலிமர் வலையாலான கூழ்) பட்டைகளை, நீர் நிரப்பி மூடிய இரு கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, ஒன்றை வால்பாறையிலும் மற்றொன்றைக் கொழிஞ்சாம்பாறையிலும் நிழலில் வைத்ததாகக் கொள்வோம். மலையில் இருக்கும் பட்டை நீண்டு கிடக்கும். சமவெளியில் இருப்பது வளையமாகச் சுருண்டிருக்கும். இரண்டு ஊர்களின் வெப்பத்துக்கும் இடையில் விழும் 32 டிகிரி என்ற ஓர் எல்லையே இந்த வேறுபாட்டைச் செய்கிறது. அந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி. அதைக் கடக்கும் பட்டை வெறுமனே சுருங்காமல் ஏன் வளைகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் அதற்கு வேதியியல் தேவையே இல்லை.

எந்தப் பொருளையும் எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சூடாக்கினால், அது பெரிதாகும் அல்லது சிறிதாகும், அவ்வளவுதான். வளைவதற்கு வெப்பம் மட்டும் போதாது. வெவ்வேறு அளவில் விரியும் அல்லது சுருங்கும் இரண்டு அடுக்குகள் முகத்தோடு முகம் நழுவாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஒன்று நீளத்தைக் குறைக்க முயல, மற்றது விட மறுக்க, ஒட்டிய பரப்பில் இரண்டும் ஒரே நீளத்துக்கு உடன்பட வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று எட்டி நடந்து மற்றது பின்தங்கினால், வண்டி பின்தங்கிய மாட்டின் பக்கமாகத் திரும்புவதைப் போல, குட்டையாகிப்போன அடுக்கு உட்புறமாக அமையும்படி பட்டை முழுவதும் வளைகிறது. வளைந்த பட்டையில் உட்பக்கம் குறுகியும் வெளிப்பக்கம் நீண்டும் இருப்பதால், இரண்டு அடுக்குகளும் தாம் விரும்பிய நீளத்தை ஓரளவேனும் பெற்றுக்கொள்கின்றன.

இந்த உண்மை உலோகங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன், கடலில் நேரம் காட்டும் தம்முடைய எச்-3 கடிகாரத்தில், வெப்பத்தால் ஏற்படும் பிழையைச் சரிசெய்ய ஈருலோகப் பட்டையை அமைத்தார். இன்று நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குள் அதே பட்டைதான் குறிப்பிட்ட சூட்டில் வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கிறது. அதன் கணக்கை முழுமையாக எழுதியவர் ஸ்டீஃபன் டிமோஷென்கோ. 1925-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுரையிலுள்ள சமன்பாட்டையே மென்மையான கூழ்களைப் பற்றி எழுதுவோரும் முதலில் எடுத்தாள்கின்றனர். இரண்டு அடுக்குகளும் ஒரே தடிமனும் ஒரே விறைப்பும் உடையவையாக இருந்தால் அதன் விடை மிக எளியது. அடுக்குகளின் நீள மாற்றத்தில் உள்ள வேறுபாட்டை ஒன்றரையால் பெருக்கி, மொத்தத் தடிமனால் வகுத்தால் வளைவு கிடைக்கும். அதன் தலைகீழ் எண் வளைவு ஆரம்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் உலோகத்துக்கும் கூழுக்கும் உள்ள தூரம் தெரியும். பித்தளை ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கும், எஃகு 12 பங்கும் விரிகின்றன. 100 டிகிரி சூடேற்றினாலும் இரண்டுக்கும் இடையே எழும் வேறுபாடு 0.07 விழுக்காடுதான். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளை–எஃகுப் பட்டை அந்த வேறுபாட்டால் சுமார் 95 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு துண்டாக வளையும். கண்ணுக்கு அது வளைந்ததாகவே தெரியாது. கூழில் நிலைமை வேறு. வெப்பத்தில் சுருங்கும் நல்ல ஹைட்ரோஜெல் ஒன்று, தன் பருமனில் பத்தில் ஒரு பங்காகவும், அதாவது நீளத்தில் ஏறத்தாழப் பாதியாகவும் சுருங்கக்கூடும். அவ்வளவு வேண்டாம், ஒட்டிய நிலையில் 20 விழுக்காடு வேறுபாடு மட்டும் கிடைத்தது என்று வைத்தாலும், அதே 1 மில்லிமீட்டர்ப் பட்டையின் வளைவு ஆரம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு சென்டிமீட்டர் நீளப் பட்டை தன் வாலைத் தானே தொட்டுவிடும். இவ்வளவு பெரிய உருமாற்றங்களுக்கு டிமோஷென்கோவின் சமன்பாடு அப்படியே பொருந்தாது. சுருங்கிய கூழ் விறைத்துப்போவதையும் அது கணக்கில் கொள்வதில்லை. ஆயினும் திசைகாட்டியாக அதை நம்பலாம்.

அந்தச் சமன்பாட்டில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. இரண்டு அடுக்குகளின் விறைப்பு வெவ்வேறாக இருந்தால், எந்தத் தடிமன் விகிதத்தில் வளைவு மிக அதிகமாக இருக்கும்? ஒவ்வோர் அடுக்கின் விறைப்பையும் அதன் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி, அவ்விரு பெருக்கற்பலன்களும் சமமாகும்படி தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் அடுக்கு மற்றதைவிட 100 மடங்கு விறைப்பானது என்றால் அதைப் பத்தில் ஒரு பங்கு தடிமனில் அமைத்தால் போதும். அப்போதும் அதே ஒன்றரை மடங்கு வளைவு முழுமையாகக் கிடைக்கும். வெப்பத்துக்கு அசையாத பிளாஸ்டிக் படலத்தைத் தடிமனாக வைத்துவிட்டு, அதன்மீது பூசிய கூழ் வளைக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. பொருளை மாற்றுவதற்கு முன் தடிமனை மாற்றிப் பார்ப்பதே இத்துறையில் செலவு குறைந்த வழி.

இனி 32 டிகிரிக்கு வருவோம். பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற நீண்ட பெயருடைய பாலிமரை ஆய்வகங்களில் சுருக்கமாகப் பி-நைபாம் என்பார்கள். நீரில் கரைந்திருக்கும் இதன் சங்கிலிகள் 32 டிகிரிக்கு மேல் சட்டென்று நீரை விட்டுப் பிரிகின்றன என்பதை 1968-இல் ஹெஸ்கின்ஸ், கில்லெட் இருவரும் விளக்கமாக வெளியிட்டனர். சர்க்கரை போன்ற பெரும்பாலான பொருட்கள் சூட்டில் கூடுதலாகக் கரைகையில், இது சூட்டில் பிரிவது விந்தையாகத் தோன்றலாம். இதன் சங்கிலியில் நீரை விரும்பும் அமைடுத் தொகுதிகளும் நீரை விலக்கும் ஐசோபுரோப்பைல் தொகுதிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. குளிர்ந்த நிலையில் அமைடுத் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. விலக்கும் தொகுதிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. வெப்பம் ஏற ஏற, அந்த அணிவகுப்பைக் கலைத்து நீரை விடுவிப்பதால் கிடைக்கும் என்ட்ரோபி (ஒழுங்கின்மை) ஆதாயம், பிணைப்புகளால் கிடைத்த ஆதாயத்தை மிஞ்சிவிடுகிறது. நீர் வெளியேற, சங்கிலி உருண்டையாகச் சுருள்கிறது. சங்கிலிகளைக் குறுக்குப் பிணைப்புகளால் வலையாகக் கட்டியிருந்தால், அந்த வலை முழுவதும் நீரைக் கக்கிச் சுருங்கும். கண்ணாடிபோல் தெளிந்திருந்த கூழ் பால்வெண்மை அடையும்.

32 என்பது கல்லில் செதுக்கிய எண் அன்று. அக்ரிலமைடு போன்ற நீர்விரும்பும் அலகுகளைச் சங்கிலியில் சிறிது கலந்தால் எல்லை மேலே ஏறும். நீர்விலக்கும் அலகுகளைக் கலந்தால் கீழே இறங்கும். நீரில் சமையல் உப்பைக் கரைத்தாலும் எல்லை இறங்கும். எங்கள் பகுதி போன்ற வெப்ப நாட்டுக்கு இது சிறு விவரமன்று. குளிர்நாட்டு ஆய்வகத்தில் 20 டிகிரியில் நிமிர்ந்தும் 40 டிகிரியில் வளைந்தும் அழகாகக் காட்டப்படும் பட்டை, இங்கே பங்குனி முதல் வைகாசி வரை பகல் நேரத்தில் வளைந்தபடியே கிடக்கும். அதை நிமிர்த்தவே நாம் குளிரூட்ட வேண்டியிருக்கும். ஆகவே எல்லையை 40-க்கு மேல் உயர்த்திக்கொள்வது இங்கே வேலையின் முதல் படி.

இரண்டு கூழ்களை ஒட்டி வெப்பத்தால் வளைத்துக் காட்டிய முன்னோடி ஆய்வுகளில், அமெரிக்காவின் வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிபிங் ஹூவும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. வெப்பத்துக்குச் சுருங்கும் பி-நைபாமையும், வெப்பத்தைப் பொருட்படுத்தாமல் அசிட்டோனுக்கு மட்டும் சுருங்கும் பாலிஅக்ரிலமைடையும் அவர்கள் ஒரே பட்டையில் இணைத்தனர். சூடேற்றினால் ஒரு பக்கமும், அசிட்டோன் கலந்த நீரில் எதிர்ப் பக்கமும் அது வளைந்தது. விரல்களைப் போல அமைத்தபோது பொருளைப் பற்றவும் செய்தது. இங்கே பசை எதுவும் பயன்படவில்லை. முதல் கூழ் உறைந்தபின் இரண்டாவதன் கரைசலை அதன்மேல் ஊற்றினால், கரைசல் சற்று உள்ளே ஊறிய பின்னரே இறுகும். எல்லைப் பகுதியில் இரண்டு வலைகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். ஈரமான, 90 விழுக்காட்டுக்கும் மேல் நீராலான இரண்டு பொருட்களை வெளியிலிருந்து பசை தடவி ஒட்டுவது எவ்வளவு கடினம் என்பதை, கோயில் திருவிழாக் கடைகளில் விற்கும் ஜெல் உருண்டைகள் இரண்டை ஒட்டிப் பார்க்க முயன்றவர்கள் அறிவார்கள்.

இத்துறையின் காணொளிக் காட்சிகளைக் காண்போர் ஒரு மூலையில் ஓடும் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். மொட்டு மலர்வதாகவும் கை மூடுவதாகவும் சில விநாடிகளில் ஓடும் காட்சி, பல மடங்கு விரைவுபடுத்தப்பட்டதாக இருப்பதே பெரும்பான்மை. வெப்பம் தாமதிப்பதில்லை, ஒரு மில்லிமீட்டர் நீரைக் கடக்க அதற்குச் சில விநாடிகள் போதும். வலையின் இடுக்குகளில் சிக்கியிருக்கும் நீர் வெளியேறுவதுதான் தாமதம். அந்த விரவல், வெப்பம் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவானது. கூழின் சுருக்கத்துக்கு ஆகும் நேரம் அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும் என்று 1979-இல் டோயோஇச்சி தனகாவும் ஃபில்மோரும் காட்டினர். ஆகவே ஒரு மில்லிமீட்டர்ப் பட்டைக்கு மணிக்கணக்கு. அதில் பத்தில் ஒரு பங்குக்கு நிமிடக்கணக்கு. நூறில் ஒரு பங்கான 10 மைக்ரோமீட்டருக்கு விநாடிக்கணக்கு. தடித்த கூழை அவசரமாகச் சூடாக்கினால் மற்றொரு சிக்கலும் எழும். மேற்பரப்பு முதலில் சுருங்கி அடர்ந்த தோலாகி, உள்ளே இருக்கும் நீரை வெளியேறவிடாமல் அடைத்துக்கொள்ளும்.

வலிமையிலும் எல்லை உண்டு. எஃகின் விறைப்போடு ஒப்பிட்டால் நீர் உண்ட கூழின் விறைப்பு ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இஸ்திரிப் பெட்டியின் மின்முனையைத் தள்ளித் திறக்கும் வேலையைக் கூழ்ப்பட்டையிடம் ஒப்படைக்க முடியாது. அது பெரிதாக அசையும். ஆனால் மெல்லத்தான் தள்ளும். செல்கள், முட்டைக்கரு, மெல்லிய இழைகள் போன்றவற்றைப் பிடிக்க வேண்டிய இடத்தில் இந்தக் குறையே தகுதியாகிறது.

இதுவரை பட்டையைப் பற்றிப் பேசினோம். அகலமான தகட்டில் கதை சிக்கலாகிறது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். சுருங்கும் அடுக்கு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதால், ஈரடுக்குச் சதுரத் தகடு ஒன்று நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒருசேர வளைந்து கிண்ணமாக வேண்டும் என்று எதிர்பார்ப்போம். சிறிதளவு வளையும்வரை அது அப்படியே நடக்கும். ஆனால் சமதளத் தாளைக் கசக்காமலும் நீட்டாமலும் கிண்ணமாக்க முடியாது என்பதைக் கணிதமாக 1827-லேயே காஸ் நிறுவிவிட்டார். மெல்லிய தகட்டை வளைப்பது எளிது, இழுத்து நீட்டுவது கடினம். எனவே சுருக்கம் கூடும்போது தகடு கிண்ணத்தைக் கைவிட்டு, ஏதேனும் ஒரு திசையைத் தேர்ந்துகொண்டு குழாயாக உருளுகிறது. எந்தத் திசை என்பதை நீள அகல விகிதம் ஒருபுறமும், நீர் முதலில் எங்கே நுழைகிறது அல்லது வெளியேறுகிறது என்பது மறுபுறமும் தீர்மானிக்கின்றன. ஓரங்கள் முந்திக்கொள்வதால், ஒரே பொருளில் வெட்டிய நீள்சதுரம் நீண்ட பக்கமாகவும் உருளலாம், மூலையிலிருந்து கோணலாகவும் உருளலாம்.

உண்மையான கிண்ணமோ சேணமோ வேண்டுமென்றால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்கும் அடுக்குகள் உதவாது. தகட்டின் பரப்பிலேயே இடத்துக்கு இடம் சுருக்கம் மாற வேண்டும். ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கிளைன், எஃப்ராத்தி, ஷரோன் மூவரும் 2007-இல் இதைப் பி-நைபாம் வட்டத் தகடுகளில் செய்தனர். மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் பாலிமரின் செறிவை மாற்றிக்கொண்டே வார்த்து, வெந்நீரில் இட்டபோது, விளிம்பு கூடுதலாகச் சுருங்கியவை குவிமாடங்களாயின. மையம் கூடுதலாகச் சுருங்கியவற்றின் விளிம்பு அலையலையாக மடிந்தது.

அடுக்குகளை வைத்துக்கொண்டே வடிவத்தை ஆள மற்றொரு வழி, சுருக்கத்துக்குத் திசை கொடுப்பது. அதற்கு நம் ஊர்ச் சாலையோரங்களிலேயே சான்று இருக்கிறது. மந்தாரை மரத்தின் காய்கள் கோடையில் முற்றி உலர்ந்ததும் சடசடவென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். கீழே கிடக்கும் காய்த்தோலின் இரு பாதிகளையும் எடுத்துப் பார்த்தால், ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் முறுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தோலிலும் இரண்டு நார் அடுக்குகள், காயின் நீளத்துக்கு 45 டிகிரி சாய்ந்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடுகின்றன. உலரும்போது ஒவ்வோர் அடுக்கும் தன் நாருக்குக் குறுக்காகச் சுருங்கும், நாரின் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. ஓர் அடுக்கு ஒரு திசையில் ஒரு பக்கமாகவும், மற்றது செங்குத்துத் திசையில் எதிர்ப்பக்கமாகவும் வளைக்க முயல்வதால் சேண வடிவம் பிறக்கிறது. நீண்ட துண்டில் அது முறுக்காகத் தெரிகிறது. இங்கே தூண்டுவது வெப்பமன்று, ஈரம் குறைவது; இயக்கவியல் ஒன்றே. 2011-இல் இதை ஆராய்ந்த ஷரோனின் குழு, இரண்டு ரப்பர்த் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இழுத்துப் பிடித்து ஒட்டி, 45 டிகிரியில் துண்டு நறுக்கி, காய்த்தோலின் வடிவங்களை அப்படியே வரவழைத்தது. குறுகலான துண்டு நேர் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டது. அதே ரப்பரில் அகலமாக நறுக்கியது சுருள்குழலாக உருண்டது. பொருளை மாற்றாமல், அகலத்தை மட்டும் மாற்றி வடிவத்தை மாற்ற முடிகிறது.

ஹார்வர்டைச் சேர்ந்த குழுவினர் 2016-இல் இதே கருத்தை அச்சிடும் முறைக்குக் கொண்டுசென்றனர். செல்லுலோஸ் நுண்ணிழைகள் கலந்த கூழை நுண்குழல் வழியே பிதுக்கும்போது, இழைகள் பிதுங்கும் திசையிலேயே அணிவகுக்கின்றன. நீரில் ஊறும்போது கூழ் இழைக்குக் குறுக்காகவே அதிகம் பெருக்கிறது. இரண்டு அடுக்குகளை வெவ்வேறு கோணங்களில் அச்சிட்டால், தட்டையாக இருந்தது நீரில் இட்டதும் ஆர்க்கிட் மலர்போல் எழுகிறது. பி-நைபாமில் அச்சிட்டபோது, சூடேற்றியும் குளிர்வித்தும் இதை முன்னும் பின்னும் இயக்க முடிந்தது.

இச்சோதனைகளை நம் பகுதியில் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. கணவாயின் வழியே வீசும் மார்கழி, தைக் காற்று மிகவும் வறண்டது. கூழ்ப்பட்டையை நீரிலிருந்து வெளியே எடுத்து வைத்தால், வெப்பம் மாறாமலேயே ஒருபக்கம் முந்தி உலர்ந்து அது வளையத் தொடங்கும். அதை வெப்பத்தின் விளைவாகக் கருதிவிடக் கூடாது. நீருக்குள் வைத்தே பார்க்க வேண்டும். கூழ் கிடைக்காதவர்கள் ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் காகிதமுமாக இருக்கும் சூயிங்கம் உறையை மெல்லிய கீற்றாக நறுக்கி, சுடர் படாத உயரத்தில் விளக்கின்மேல் பிடிக்கலாம். அலுமினியம் விரிய, காகிதம் ஈரம் இழந்து சற்றே சுருங்க, கீற்று காகிதப் பக்கமாக வளையும். நீர் தேவைப்படாத மென்பொருட்களும் இல்லாமலில்லை. திரவப்படிக எலாஸ்டோமர் என்னும் ரப்பர் வகை, சூட்டில் தன் மூலக்கூறுகள் அணிவகுத்த திசையில் சுருங்குவதால், காற்றிலேயே இயங்கும். ஆனால் அவற்றுள் பலவற்றுக்கு உடல்வெப்பத்தைவிட வெகுவாகக் கூடுதலான சூடு வேண்டும்.

உடலுக்குள் செல்லும் கருவிகளில் ஈரடுக்கின் மற்றொரு பயன்முறை வளர்ந்துவருகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரேசியஸ் குழு, குடற்சுவரில் பற்றிக்கொள்ளும் கொக்கிப்புழுவைப் பார்த்து, தூசியளவு நுண்பிடிகளை உருவாக்கி 2020-இல் வெளியிட்டது. இவற்றில் வளைக்கும் விசை, செய்யும்போதே உலோக அடுக்குகளுக்குள் பூட்டி வைக்கப்பட்ட தகைவு, அதாவது உள் இழுபறி. அதை விரியவிடாமல் பிடித்திருப்பது பாரஃபின் மெழுகு. உடல்வெப்பத்தில் மெழுகு இளகியதும் பிடி மூடிக் குடற்சுவரைக் கவ்வி, மருந்தை மெல்ல விடுவிக்கிறது. கூழ்ப்பட்டையைப் போல் இது மீண்டும் திறக்காது, ஒருமுறைதான். பகல் வெப்பம் உடல்வெப்பத்தையே தாண்டும் ஊர்களுக்கு இத்தகைய கருவி வருமானால், தடுப்பூசியைப் போலவே குளிர்பெட்டியில்தான் வர வேண்டியிருக்கும்.

மீண்டும் மீண்டும் வளைந்து நிமிர வேண்டிய கூழ்களில் முதலில் பழுதாகும் இடம் ஒட்டுப் பரப்பின் ஓரம். பட்டையின் நடுப்பகுதியில் அடுக்குகளுக்கிடையே உள்ள இழுபறி வளைவால் தணிந்துவிடுகிறது. விளிம்பில் அது ஒரே இடத்தில் குவிந்து, அடுக்குகளைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் சிறிது சிறிதாகப் பிளவு உள்ளே நகரும். ஒட்டை வலுப்படுத்துவது ஒரு மாற்று. இரண்டு அடுக்கு என்ற கூர்மையான எல்லையையே நீக்கி, ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குச் சுருக்கம் படிப்படியாகக் கூடும்படி கூழை வார்ப்பது மற்றொன்று. சுருக்கம் தடிமன்வாக்கில் ஒரே சீராக ஏறினால் வளைவு, முகங்களுக்கிடையிலான வேறுபாட்டைத் தடிமனால் வகுத்த அளவாக இருக்கும். முன்பு கிடைத்த ஒன்றரை மடங்கு இப்போது ஒரு மடங்காகக் குறைகிறது. வளைவில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, வளைந்து முடித்த பட்டையின் ஒவ்வொரு படலமும் தான் விரும்பிய நீளத்தையே அடைந்திருப்பதால், அதனுள் தகைவு எதுவும் எஞ்சுவதில்லை. பிளப்பதற்கு ஒட்டும் இல்லை.